படியில் இருக்கிறவர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது?

ஜனவரியில் அவை மலைப்பக்கத்திலிருந்து இறங்கியதிலிருந்து இங்கே தொலைபேசி இல்லை. மின்சாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம். நேற்றுதான் முதன்முறையாக ஒன்றை நேரில் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில், பேருந்துக்குக் காத்திருப்பதைப் போலவே நின்றது. யானையில் பாதி உயரம், ஆறு கால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வாய் மட்டும். அது வாயைத் திறந்தபோது நான் பற்களைத்தான் பார்த்தேன், தொழில் புத்தி. மூன்று வரிசை, ஒன்றுகூடச் சொத்தை இல்லை.

கீழே மருத்துவமனை வைத்திருந்த பல் டாக்டர் போன வாரம் ஓடிவிட்டார். அவருக்காக நான் இந்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்து செய்த பல்செட்டுகள் பதினொன்று அலமாரியில் இருக்கின்றன. ஊரை விட்டுப் போகிறவர்கள் பால்கனிக்குக் கீழே நின்று தங்கள் பல்லைக் கேட்கிறார்கள். கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குகிறேன். ஒருவர் சொன்னார்: "எங்க போறோம்னே தெரியல மா. போற இடத்துல யாரையாவது பாத்துச் சிரிக்கணும்ல?"

இந்தக் கடிதமும் கூடையில்தான் இறங்கும். தபால்காரர் எடுத்துக்கொண்டு போய் வாராந்திர ராணுவ வண்டியில் சேர்ப்பார். ஊரில் ஓடாத ஒரே அரசு ஊழியர். ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். "ராஜினாமா கடிதம் எழுதினா அதையும் நான்தானே மா கொண்டுபோகணும்?" என்கிறார்.

கதவைத் தாழ்போட்டுக்கொள்.

உன் அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். என் வயிறு உட்பட எல்லாரும் நலம். உன் முழங்கால் வலி மாடிப்படி ஏறாததால் குறைந்திருக்கும். எந்தப் பேரழிவிலும் நல்லதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. எழுதியவன் நான்தான்.

இன்னொரு சுற்றறிக்கையும் நானே எழுதினேன். கவனமாகப் படி. இனி அவர்களை யாரும் 'அது' என்று குறிப்பிடக் கூடாது, 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இயக்குநர் கேட்ட கேள்வி இது: "அவங்களுக்கு நம்ம மொழி புரியாதுன்னு யாராவது எழுத்துல உத்தரவாதம் குடுப்பீங்களா?" யாரும் கையெழுத்துப் போடவில்லை. "அப்ப மரியாதையாவே சொல்லிருவோம். மரியாதை குடுத்து எவன் கெட்டான்?" என்று முடித்துவிட்டார்.

ஆகவே கடிதங்களைத் தணிக்கை செய்கிறார்கள். 'அது' என்ற சொல் எதைக் குறித்து வந்தாலும் கடிதம் கிழிக்கப்படும். 'அதை', 'அதற்கு' பற்றிக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் எழுதக் கூடாது. உன் முதல் கடிதம் தப்பி வந்தது. இனி 'அவர்' என்றே எழுது.

சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த பெண், "சார், எங்க அப்பாவக்கூட நான் இவ்வளவு மரியாதையா சொன்னதில்ல" என்றாள். தற்காலிக ஊழியர். பிழையில்லாமல் அடிப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம். முழங்காலும் சுகம்.

மரியாதையைக் கற்றுக்கொண்டோம். எதிர்க்கட்டடத்து அம்மாள் போன வாரம் ஒரு காலையில் கத்தினாள்: "அவர் வந்துட்டாருங்க! வெளிய வராதீங்க!" வீட்டுக்காரருக்குப் பயந்து கத்துவதைப் போலவே இருந்தது. அவள் விஷயத்தில் இரண்டு பயமும் ஒன்றுதான்.

தபால்காரர் அப்போது தெருவில்தான் இருந்தார். சைக்கிளோடு விழுந்து முன்பல் உடைந்துவிட்டது. டாக்டர் இல்லாத ஊரில் நான்தான் டாக்டர். மேலே வரச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி வைத்து, நிற அட்டையைப் பல்லோடு பல்லாகப் பொருத்திப் பார்த்தேன். இருபது வருடமாக எத்தனையோ வாய் பார்த்தாயிற்று, அன்றைக்கு என்னவோ நிறம் பிடிபட அரைமணி நேரம் ஆயிற்று. "என்ன மா, நிறம் கிடைக்கலையா?" என்றார். "கிடைச்சுது. சரியான்னு பாக்கறேன்" என்றேன். "நல்லா பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, ஊர்ல இன்னும் நாலு பேருதான் கடிதம் எழுதறாங்க" என்றார்.

பல் நன்றாக அமைந்துவிட்டது. ஆனாலும் அவர் இதற்குள் இருமுறை சரிபார்க்க வந்துவிட்டார். நேற்று அவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவருக்கு வீட்டில் யாருமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, உன் கடிதமே சொல்கிறது. மேலே 'தபால்காரர்' என்று ஏறியவர் கீழே வருவதற்குள் 'அவர்' ஆகிவிட்டார். இனி உன் கடிதத்தில் 'அவர்' வந்தால் யாரென்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். ஜூன் 14ஆம் தேதி இங்கிருந்து துறைமுகத்துக்குக் கடைசி ரயில். அங்கே கப்பல் காத்திருக்கும். நிரந்தர ஊழியர்கள் கடைசிவரை பணியில் இருக்க வேண்டும். அதற்கு ஈடாக ஆளுக்கு ஓரிடம், பெற்றோருக்கு அல்லது உடன்பிறந்தவருக்கு மட்டும். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வண்டி உங்கள் ஊரில் ஐந்து நிமிடம் நிற்கும். பட்டியலில் பெயர் மட்டும்தான், படம் ஒட்ட வேண்டாம், அலுவலகத்தில் பசை தீர்ந்துவிட்டது.

ஒரே ஓரிடம்தான், அக்கா. இரண்டு கேட்டுப் பார்த்தேன். தற்காலிக ஊழியர்களுக்கு அந்த ஒன்றும் கிடையாது. தட்டச்சுப் பெண் தன் பெயர் இல்லாத பட்டியலை நான்கு பிரதி அடித்தாள். பிழையே இல்லை.

வருகிறாயா என்று உடனே எழுது.

தம்பி


மே 8

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நீ சுகந்தானே?

அவர் வந்துவிட்டார். சனிக்கிழமை காலையில். நான் எதிர்பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து இங்கேயேதான் இருக்கிறார், போகிற மாதிரித் தெரியவில்லை. எதிர்க்கட்டடத்தில் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இப்படியொன்று நடக்கும் என்று நினைத்ததில்லை.

நீ சொன்ன இடத்தைப் பற்றி: இந்த நிலைமையில் நான் எப்படி வருவேன்? அவர் நகர்ந்தால்தான் நான் நகர முடியும். நீதான் யோசித்து ஏதாவது செய்ய வேண்டும். மேற்கொண்டு எழுதினால் கிழித்துவிடுவார்கள். புரிந்துகொள்வாய்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் அத்தானுக்கும்,

தம்பியின் வணக்கங்கள். இருவர் நலத்தையும் சேர்த்து விசாரிக்க நேர்ந்ததில் மகிழ்ச்சி.

"அவர் நகர்ந்தால்தான் நான் நகர முடியும்." இந்த வயதில் இப்படி எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? அப்பா மாப்பிள்ளை பார்த்த காலத்தில் பதினாறு பேரை வேண்டாம் என்றவள்தானே நீ? தட்டச்சுப் பெண்ணிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டாள். "உங்க அக்கா குடுத்து வெச்சவங்க சார்" என்றாள். அன்று மாலை நாங்கள் பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். பேருந்து கிடையாது. இருந்தாலும் நடந்தோம்.

எதிர்க்கட்டடத்தார் பார்த்தால் பார்க்கட்டும். நடைமுறைகள் எல்லாம் இந்த அமளி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். இடத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கொண்டேன்.

மகிழ்ச்சியாக இரு. எனக்கும் மகிழ்ச்சிதான்.

தம்பி


மே 30

அன்புள்ள முட்டாளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நன்றாக இருந்து தொலை.

அத்தானா? மாப்பிள்ளையா? டேய், வந்திருப்பது அவர் இல்லை, அவர்! என் அவருக்கு இரண்டு கால். இவருக்கு ஆறு. கால் எண்ணிக்கை பற்றி உன் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். கட்டடத்துக்குள் புகுந்து இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். இடத்தையும் எழுதிவிட்டேன், வெட்டினால் வெட்டட்டும். மூன்று வாரமாக நான் வாசல் கதவைத் திறக்கவில்லை. அலமாரியை இழுத்துக் குறுக்கே போட்டிருக்கிறேன். யாராவது படைவீரரை அனுப்புவாய் என்று எழுதினால் வாழ்த்து அனுப்புகிறாய்.

தபால்காரர் தெருவில்தான் நிற்கிறார். கூடையில் தண்ணீர், ரொட்டி, உன் வாழ்த்து எல்லாம் அவர்தான் வைத்தார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தேன். கீழிருந்து "என்ன மா, நல்ல சேதியா?" என்றார். "தம்பி உங்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கான்" என்றேன். "எனக்கா? எதுக்கு?" என்றார். சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்குமேல் தெருவில் நிற்க முடியாது, இதைச் சொல்ல அந்த நேரம் போதாது.

ஒன்று மட்டும் ஆறுதல். புரியாமலே ஆனாலும், இடத்தைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். தெரு குறுகல் என்பதால் எதிர்க்கட்டடப் பால்கனிக்கும் என் பால்கனிக்கும் குறுக்கே பலகை போட்டால் இறங்கிவிடலாம் என்கிறார் தபால்காரர். ஒருமுறைதான் முடியும். சத்தம் கேட்டால் படியில் இருப்பவர் கதவை உடைத்துவிடுவார். திரும்ப இந்த வீட்டுக்கு வர இயலாது. ஆகவே 14ஆம் தேதி காலையில் இறங்கி நேராக ரயிலுக்குப் போகிறேன். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. "போங்க மா. போய்ச் சேந்து ஒரு கடிதம் போடுங்க, எனக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல" என்கிறார்.

நிலையத்தில் என்னிடம் என்ன கேட்பார்கள்? பெயர் சொன்னால் போதுமா?

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

நலமா? உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

வீட்டை விட்டு இறங்காதே. வண்டி உங்கள் ஊரில் நிற்காது என்று இப்போது முடிவாகிவிட்டது. படைவீரர்களுக்கு எழுதியிருக்கிறேன். அங்கேயே இரு. எக்காரணம் கொண்டும் பலகை போட வேண்டாம்.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், இடது கையில் ஒரு சிராய்ப்பு மட்டும். உன் வயிற்றெரிச்சலுக்கு மருந்து கிடைக்கிறதா?

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. வண்டி எங்கள் ஊரில் நிற்காது என்று எழுதியிருந்தாய். நின்றது.

தபால் அலுவலகத்தின் கதவைக் கழற்றிப் பலகையாகப் போட்டார். மூன்றாம் மாடி உயரத்தில் தவழ்ந்து வந்தேன். "கீழ பாக்காதீங்க" என்றார். "வேற எங்க பாக்க? உங்களையா?" என்றேன். "தாராளமா பாருங்க" என்றார். கடந்தபின் பின்னால் என் வீட்டுக் கதவு உடையும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

நிலையத்தில் பட்டியல் வைத்திருந்தவரிடம் பெயர் சொன்னேன். "நீங்க ஏற்கெனவே ஏறிட்டீங்களே மா" என்றார்.

"நான் இங்க நிக்கறேன்."

"நாலாவது பெட்டி, பதினேழாம் இடம். குறி போட்டிருக்கு பாருங்க. ஒருத்தங்க ரெண்டு தடவ ஏற முடியாது."

தபால்காரர் பாய்ந்தார். "யோவ், இவங்கதான்யா அவங்க!"

"அவங்கதான் உள்ள இருக்காங்களே" என்றார் பட்டியல்காரர், மிகப் பொறுமையாக.

நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்கப் போனேன். ஜன்னலோரம். இருபத்தாறு வயதிருக்கும். விரல் நுனியில் தட்டச்சு நாடாவின் மை. என் மூக்கைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். நம் இருவருக்கும் ஒரே மூக்குதானே. "அக்கா, உங்களுக்கு வேண்டாம்னு சொன்னாரே" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. பிறகு எழுந்தாள். "நான் எறங்கிடறேன் கா" என்று பையைக்கூட எடுத்துவிட்டாள்.

சரி, இறங்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உக்காரு" என்று வந்தது. பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த ஐந்து நிமிடமும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கையில் சாப்பிட ஒன்றுமில்லை. ஒரு ரொட்டியாவது கொடுத்தனுப்பியிருக்கக் கூடாதா? என் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

இப்போது கதவில்லாத தபால் அலுவலகத்தில், கடிதங்களைப் பிரிக்கும் அறையில் இருக்கிறோம். வாசலில் மேசைகளை அடுக்கியிருக்கிறோம். நீ பொய் சொன்னதைப் பற்றி எழுத வேண்டாம். கப்பல் போய்ச் சேர்ந்ததும் அவள் என்ன எழுதினாள் என்று எழுது.

அக்கா


ஜூலை 10

அக்கா,

நான் நலமாக இருக்கிறேன். இந்த வரியை மூன்றுமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

வண்டி கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் ஊரைத் தாண்டி இரண்டாவது பாலத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். அறிவிப்பை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். "பயணிகள் பாலத்தருகே அவர்களால் வரவேற்கப்பட்டனர்." இயக்குநர் படித்துவிட்டு, "'வரவேற்பு' பிரமாதம். படிக்கறவங்களுக்கு ஒரு நிம்மதியா இருக்கு" என்றார். தின்றன என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் ஜூன் 9ஆம் தேதி வந்தது. வண்டிக்கு ஐந்து நாள் இருந்தது. இடத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பாள். ஐந்து நாளும் காலையில் அவள் மேசைக்குப் போய் நின்றேன். "என்ன சார்?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். அவள் பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை. நினைத்தேன், ஆனாலும் கேட்கவில்லை.

இறந்தவர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. நானேதான் சரிபார்த்தேன். சகோதரிக்காக ஒரு நாள் துக்க விடுப்புக் கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து தோளைத் தட்டினார்கள். அவளுடைய கோப்பில் 'முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வரவில்லை' என்று எழுதி, வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் ஆள்மாறாட்டம். திறக்கவில்லை.

நீ உயிரோடு இருக்கிறாய். சந்தோஷப்பட உட்கார்ந்தால் அவள் முகம் வருகிறது. அழ உட்கார்ந்தால் உன் கடிதம் வருகிறது. எதற்கும் உட்கார முடியவில்லை.

தம்பி


ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம். அவரும் நலம். நீ இரண்டு வேளையாவது சாப்பிடு.

அவர் காலை பத்து மணிக்குப் பையோடு கிளம்புவார். திரும்பிவரும்வரை நான் பழைய கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிறேன். அந்தத் தெருக்களில் யாரும் இல்லை. நேற்று அவர் வர ஐந்து மணி ஆயிற்று. இன்று பை தயார். இந்தக் கடிதத்துக்காகத்தான் நிற்கிறார். நான் எழுதி முடிக்கும்வரை அவர் வெளியே போகமாட்டார் என்பதால் மெதுவாக எழுதுகிறேன். "என்ன மா, இன்னுமா?" என்கிறார். "இன்னும் ரெண்டு வரி" என்கிறேன். இது நான்காவது முறை.

பேசாமல் எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உன்னைக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

நீ ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் திறந்தேன். இறங்குகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். உக்காரு என்று சொன்னது நான். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். உட்கார்ந்துவிட்டாள். வண்டி நகரும்போது பொட்டலத்தை ஜன்னலில் உயர்த்திக் காட்டினாள். இதை யாரிடம் சொல்வது? இவரிடம் சொன்னேன். "நீங்க என்ன மா செய்வீங்க?" என்றார். 

அவளை உங்கள் அலுவலகத்தார் எந்தப் பட்டியலிலும் எழுதமாட்டார்கள். நான் இந்த அறைச் சுவரிலாவது எழுதி வைக்கிறேன். ஆனால் எதை எழுதுவது? மார்ச்சிலிருந்து 'தட்டச்சுப் பெண்', 'அவள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறாய். ஜன்னலருகே ஐந்து நிமிடம் நின்றேன், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாவது முறை கூப்பிட்டுவிட்டார். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவள் பெயர் என்ன?

அக்கா